மலைத் தோட்டத்து வண்டியும் சாலை வரியும்

வரி என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களை அளந்து, சுங்கம் கொண்டு, புலி இலச்சினை பொறித்த அதிகாரிகளைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. சுங்கச் சாவடிகள் அமைந்த பெருவழிகளையும் அவற்றைக் காத்து நின்ற வில்வீரரையும் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. உப்பு வண்டி ஓட்டிய உமணர், மேடு பள்ளங்களில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் கீழே இன்னோர் அச்சைக் கட்டிச் சென்றனர் என்பது ஔவையார் தரும் செய்தி. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அரசு வழிக்கும் பண்டத்திற்கும் வரி கேட்டது. வண்டி வலிமையாக இருக்கிறதா என்று பார்ப்பதோ வண்டிக்காரனின் கவலையாகவே இருந்தது. வரியும் வண்டிச் சோதனையும் ஒரே சட்டத்தின் இரு கைகளாக இணைந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

அந்த இணைப்பு எதற்காக நேர்ந்தது என்பதை, நாள்தோறும் சாலையில் ஓடும் புத்தம்புது மகிழுந்தை வைத்து விளங்கிக்கொள்வது அரிது. நெடுநாள் ஓடாமல் கிடந்து, கைமாறி, மீண்டும் சாலைக்கு வர விரும்பும் பழைய வண்டியே அதற்குத் தக்க பாடநூல். அத்தகைய வண்டிகளைக் காண, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கியா பார்ம் வரை செல்லவேண்டும்.

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். ஆயினும் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பின்னரே மலைவாசத்தலம் அமைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு தாப்பாவிலிருந்து சாலைப் பணி தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அத்தோட்டங்களில் காடு திருத்தியும் கொழுந்து கிள்ளியும் உழைத்தோர் பெரும்பாலும் தமிழரே. பிரிஞ்சாங்கைக் கடந்து வடக்கே ஏறினால், 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கியா பார்ம் இருக்கிறது. சாலையோரம் காய்கறிச் சந்தை. அதன் பின்னே சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். சற்றுத் தொலைவில் சுங்கை பாலாஸ் தேயிலை. அந்தப் படிகளுக்கு ஏறும் மண்பாதைகளில் சாதாரண வண்டி மழைக்காலத்தில் நகராது.

அங்கே ஏறத் தெரிந்த வண்டி லேண்ட் ரோவர். அதன் பிறப்பும் ஓர் உழவு நிலத்தில்தான் நிகழ்ந்தது. ரோவர் நிறுவனத்துப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டு ஆங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையில், போரில் எஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்து போனால் வேறென்ன வாங்குவது என்ற கேள்வியே புதிய வண்டிக்கு வித்தாயிற்று. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குப் பெரும் பஞ்சம் நிலவியதால், மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். எடை தாங்கும் அடிச்சட்டத்தை மட்டும் எஃகால் அமைத்தனர். இந்தக் குறிப்பை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும், பின்னர் பயன்படும்.

அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலையில்தான் முடிவுற்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் படையினரோடு லேண்ட் ரோவரும் மலாயாவின் காட்டுப் பாதைகளுக்குப் பழக்கமாயிற்று. பின்னர் படை கழித்துவிட்ட வண்டிகளும் தனியார் வாங்கிய வண்டிகளும் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன. முட்டைக்கோசும் தக்காளியும் உரமூட்டைகளும் அவற்றின் முதுகில் ஏறின. இன்றும் அம்மலையில் லேண்ட் ரோவர்களை ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள்.

வரியின் கதை இதற்கும் முந்தியது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1904 முதல் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் பதிவெண் தாங்கவேண்டியதாயிற்று. 1920ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுன் என்று வரி விதித்தது. 1921 முதல் வரி கட்டியதற்கு அடையாளமான வட்டச்சீட்டு கண்ணாடியில் ஏறியது. அந்தக் குதிரைத்திறனை உருளையின் விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டதால், விட்டம் குறுகி நீளம் மிகுந்த இயந்திரங்களையே அந்நாட்டார் பல்லாண்டுகள் வார்த்துக்கொண்டிருந்தனர். வரி எழுதுவோன் பேனா பொறியியலாளன் பட்டறைக்குள்ளும் நுழையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. லேண்ட் ரோவரும் இதற்குத் தப்பவில்லை. சாதாரண லேண்ட் ரோவர் தொழில் வண்டியென்று கருதப்பட்டு விற்பனை வரியிலிருந்து நீங்கியது. அதே அடிச்சட்டத்தின்மேல் இருக்கைகளோடு அழகிய கூடு கட்டி விற்றபோது, அது சொந்த மகிழுந்து என்று வரிக்கு உள்ளாயிற்று, வாங்குவோரும் குறைந்தனர்.

மலாயாவில் சாலைப் போக்குவரத்து இலாகா 1946 ஏப்ரல் முதல் நாள் தோன்றியது. 1958ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டமும், அதன் இடத்திற்கு வந்த 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் ஒரு கருத்தில் மாறவில்லை. பதிவும் உரிமமும் இன்றி எந்த மோட்டார் வண்டியும் பொதுச் சாலையில் ஓடலாகாது என்பதே அக்கருத்து. சாலை வரி என்று மக்கள் வழங்குவது சட்டத்தின் மொழியில் மோட்டார் வாகன உரிமம். இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து அதன் கட்டணம் ஏறும். தீபகற்ப மலேசியாவில் 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளியும், 1,600 சி.சி. காருக்கு 90 வெள்ளியும் கட்டவேண்டும். காப்புறுதி இன்றி அவ்வுரிமத்தைப் புதுப்பிக்க இயலாது.

இனி, சோதனை. பிரிட்டனில் 1960 செப்டம்பர் 12ஆம் நாள் பழைய வண்டிகளுக்குச் சோதனை தொடங்கியது. பத்தாண்டு கடந்தவற்றின் பிரேக், விளக்கு, திருப்புவிசை ஆகியவற்றை மட்டுமே அன்று பார்த்தனர். தேறாத வண்டிகள் எதிர்பார்த்ததைவிடப் பெருகவே, மறு ஆண்டே அவ்வயதை ஏழாகவும், 1967இல் மூன்றாகவும் குறைத்தனர். வரி கட்டிய சீட்டு கண்ணாடியில் பளிச்சென்று ஒட்டியிருக்க, வண்டியோ நிற்க வலிமையற்று ஓடிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். மலேசியாவில் சோதனைப் பணியை இலாகாவே செய்துவந்தது. 1994இல் அது புஸ்பாகோம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. லாரி, பேருந்து, வாடகைக் கார் போன்றவை காலமுறைப்படி சோதனைக்குச் செல்லவேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைமாறும்போதும், இயந்திரம் மாற்றும்போதும், பல ஆண்டுகள் உரிமம் அற்றுப் போனபின் உயிர்ப்பிக்கும்போதுமே அது சோதனைக் களத்தைக் காண்கிறது.

சாலையை விட்டு விலகியது என்றால் வேலையை விட்டு விலகியது என்று பொருளன்று. கியா பார்மின் நிலை இங்கேதான் தனித்தன்மை பெறுகிறது. நகரத்தில் வரி கட்டாத கார் வீட்டு முற்றத்தில் தூசி படிந்து கிடக்கும். மலைத் தோட்டத்திலோ வேலிக்குள் இருக்கும் மண்பாதை பொதுச் சாலை அன்று. ஆதலின் உரிமம் தீர்ந்த வண்டியும் அங்கே கூடை சுமந்து உழைத்துக்கொண்டிருக்கலாம். ஆண்டுகள் பல கழிந்தபின் தோட்டக்காரர் அதை விற்கிறார். அல்லது மகன் அதைத் துடைத்துச் சாயம் பூசிச் சாலைக்குக் கொண்டுவர விரும்புகிறான். வாங்குவோன் கண்ணுக்கு அது உறுதியான வண்டியாகவே தோன்றும். ஏனெனில் அலுமினியத் தகடு எஃகைப்போலத் துருப்பிடிப்பதில்லை. நெளிந்திருக்கும், கீறியிருக்கும், ஆனால் உதிராது.

துரு வாழ்வது கீழே. மூடுபனியும் மழையும் ஓயாத மலையில், சக்கரம் வாரியடித்த சேறு எஃகுச் சட்டத்தின் இடுக்குகளில் தங்கி ஈரம் காக்கும். பெட்டிபோல் உட்புழையாக அமைந்த சட்டம் உள்ளிருந்தே அரிக்கப்படும். பின்புறக் குறுக்குச் சட்டமும், பக்கவாட்டில் கூட்டைத் தாங்கும் கைகளும், ஓட்டுநர் கால் வைக்கும் பகுதியை ஒட்டிய எஃகுத் தடுப்பும் முதலில் நைந்துபோகும். எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் புகுந்தால், அலுமினியமும் வெண்பொடியாய்க் கரையத் தொடங்கும். சாயமும் கரிநெய்யும் இவற்றை மறைக்க வல்லவை. சோதனைக் குழியின் மேல் வண்டியை நிறுத்தி, கீழிருந்து விளக்குப் பிடித்துச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பவனுக்கே உண்மை தெரியும்.

பிரேக்கின் நிலை இன்னும் நுட்பமானது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெடுநாள் கிடந்த வண்டியில் அந்த ஈரம் குழாய்களையும் சக்கர உருளைகளையும் அரிக்கும். அதோடு எண்ணெயின் கொதிநிலையும் தாழ்ந்துவிடும். சமவெளியில் இரண்டு மைல் ஓட்டிப் பார்ப்பவன் குறையொன்றும் காணமாட்டான். கியா பார்மிலிருந்து பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு வளைவு வளைவாக இறங்கும்போது, பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதித்த கால் வெறுமையை மிதிக்கும். மேலே காய்கறிக் கூடைகளோடு ஆட்களும் அமர்ந்திருந்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நன்றாய் ஓடும் வண்டிக்கே இம்மலைச் சாலைகள் இரக்கம் காட்டுவதில்லை. 2010 டிசம்பர் 20ஆம் நாள், சிம்பாங் பூலாய் பக்கத்துச் சாலையில் சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து, தாய்லாந்திலிருந்து வந்தவர் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சாலைக்குத் திரும்ப விரும்பும் வண்டி முதலில் எதிர்கொள்வது ஒரு முடிச்சு. சோதனையில் தேறாமல் உரிமம் கிடையாது; உரிமமில்லாமல் சோதனைக் களத்திற்கு ஓட்டிச் செல்வது குற்றம். எனவே வண்டியை இழுவை லாரியில் ஏற்றி மலையிறக்கவேண்டி வருகிறது. பிரிட்டன் இம்முடிச்சைச் சட்டத்திலேயே அவிழ்த்துவிட்டது. முன்பதிவு செய்த சோதனைக்குச் செல்லும் வண்டி, காப்புறுதி இருந்தால், வரியின்றியும் சாலையில் போகலாம். மேலும் 1998 முதல், வண்டியைச் சாலையில் விடவில்லை என்று உரிமையாளர் அறிவிக்கும் முறையும் அங்கே உண்டு. இந்தியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ச் சோதித்துத்தான் நீட்டிப்பர்.

களத்தில் முதலில் பார்ப்பது எண்களை. அடிச்சட்டத்தில் வெட்டிய எண்ணும் இயந்திர எண்ணும் பதிவேட்டோடு ஒத்திருக்கவேண்டும். பழைய லேண்ட் ரோவருக்கு இதுவே கடினமான வாயில். பெட்ரோல் இயந்திரம் பழுதானபோது கிடைத்த டீசல் இயந்திரத்தைப் பொருத்தியவர், இலாகாவின் இசைவு பெற்றாரா என்ற கேள்வி எழும். எண் வெட்டிய பகுதியையே துரு தின்றிருந்தால் வண்டி தான் யார் என்று மெய்ப்பிக்க இயலாமல் நிற்கும். திருட்டு வண்டியையும் இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டிய வண்டியையும் பிரித்தறிய வேறு வழியில்லை. எண்கள் ஒத்தபின் உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்தி ஒவ்வொரு பிரேக்கின் பிடியையும் அளப்பர். புகை, விளக்கு, திருப்புவிசை, அடிப்பாகம் ஆகியவற்றைப் பார்ப்பர். தேறியபின் காப்புறுதி, அதன்பின் வரி.

இது ஏழைத் தோட்டக்காரனுக்குச் சுமை என்னும் முறையீட்டைத் தள்ளிவிட முடியாது. இழுவைக் கூலி, பட்டறைக் கூலி, வேலை கெட்ட நாள் ஆகியவற்றைக் கூட்டினால் வண்டியின் விலையையே நெருங்கிவிடலாம். களத்தின் தொலைவும் கட்டணமும் குறையவேண்டும் என்று கேட்பது நியாயம். சட்டத்தைத் தட்டிப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள் என்று கேட்பது நியாயம் அன்று. அந்த வண்டியின் முதுகில் ஏறிச் செல்லும் கூலியாள் அதன் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை.

அண்மைக் காலத்தில் மாறியவை காகிதங்களே. பிரிட்டன் 2014 அக்டோபரில் வரிச்சீட்டை ஒழித்தது. மலேசியாவிலும் 2023 பிப்ரவரி 10 முதல் குடிமக்களின் சொந்த வாகனங்கள் கண்ணாடியில் சீட்டு ஒட்டவேண்டியதில்லை. உரிமம் கணினிப் பதிவில் இருக்கிறது. தோட்டத்தில் கிடக்கும் பழைய வண்டிகளின் கண்ணாடிகளில் மட்டும் வெயிலில் வெளுத்த சீட்டுகள், அவை சாலையைக் கடைசியாகக் கண்ட ஆண்டைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவ்வண்டியின் வழித்தோன்றலான டிஃபென்டரின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் ஆலையிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு அதே ஆலையில் பிறந்தவை இன்னும் கியா பார்ம் சரிவில் முட்டைக்கோசு சுமக்கின்றன.