மிகைக்குள் ஒளிந்திருக்கும் மேடை

பழைய மேடை நாடகங்களில் அரச வேடம் கட்டிய ராஜபார்ட் நடிகர் என்றதும் இன்றைய தலைமுறையின் மனக்கண்ணில் எழுவது ஒரு கேலி உருவம்தான்: உருட்டும் விழி, முறுக்கிய மீசை, எதற்கெடுத்தாலும் பாட்டு, ஆர்மோனியக்காரரோடு போட்டி. மூத்த கலைஞர்களுக்கு இது அவமதிப்பு என்று வருந்துவோர் உண்டு. ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு வரலாற்றுச் சான்று பொதிந்திருக்கிறது என்பேன். நாம் மிகை என்று சிரிப்பவை அன்றைய தொழில் தேவைகள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டவே குரல் உச்சத்துக்கு ஏறியது. 27 வயதிலேயே 1933இல் மறைந்த நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா அந்த உச்ச சுருதியால்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். மங்கிய விளக்கொளியில் முகபாவம் தெரிய வேண்டுமானால் கண் உருண்டாக வேண்டும், அரிதாரம் தடித்தாக வேண்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எமன் வேடத்தில் தோன்றியபோது கர்ப்பிணி ஒருவர் அஞ்சிக் கருக்கலைந்தது என்றும், அதன்பின் சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் நாடக உலகில் சொல்லி வருகிறார்கள். மிகைக்கு இருந்த வலிமையை உணர்த்த இது போதும்.

'காரணம் இருந்தால் கேலி நியாயமாகிவிடுமா?' என்று கேட்கலாம். யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. 'சபாபதி' (1941) படத்தில் சிரிக்கவைத்த காளி என். ரத்தினம், சிறுவர்கள் நடித்த நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவரே. 'நவராத்திரி' (1964) கூத்துக் காட்சியில் அவரும் சாவித்திரியும் நம்மைச் சிரிக்க வைத்தாலும், தாளமும் அடவும் பிசகவில்லை. 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) மேடை நாடகக் கலைஞனின் துயரத்தைச் சொன்னது. மூலத்தை முழுதாக ஆடத் தெரிந்தவர் செய்யும் மிகை, குருவுக்குச் செய்யும் வணக்கம். தெரியாதவர் செய்வது வெறும் கோணங்கித்தனம்.

மூலத்தைப் பார்த்திராதவர் கேலியை மட்டுமே நம்பிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. மலேசியாவில் சிலிம் ரிவர் முதல் ஈப்போ வரை ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் கலைந்தபோது, கோயில் திடலில் காமன் கூத்தும் நாடகமும் பார்த்த கூட்டமும் சிதறியது. இதற்குக் கேலியைத் தடுப்பது மருந்தாகாது. வேடம் கட்டிய முதியவர்கள் இருக்கும்போதே அவர்களின் பாட்டையும் அடவையும் பதிவு செய்துவிட வேண்டும். அந்தப் பதிவு கையில் இருந்தால், கேலியைப் பார்த்துச் சிரிக்கும் பேரப்பிள்ளைக்கு அதன் மூலத்தையும் நம்மால் காட்ட முடியும்.