கடல் நடுவே ஒரு காழியார்

 

பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களைப் பற்றி நம் மிம்பர்களில் பேசும்போதெல்லாம், 1325ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது இளைஞராகத் தன்ஜா நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டதைச் சொல்கிறோம். டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கின் காழியாக இருந்ததைச் சொல்கிறோம். ஆனால், நம் கரைக்கு மிக அருகில், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மரக்கலத்தின் பின்புறத்தில் ஏறி நின்று அவர் விடியலுக்காகக் காத்திருந்த இரவைப் பற்றி நாம் பேசுவதில்லை. மாலத்தீவிலிருந்து இலங்கைக்கும், இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்குமாக அவர் கடந்த அந்தக் கடல் வழியை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

டில்லி சுல்தானின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டவர் அவர். கோழிக்கோட்டுத் துறைமுகத்தில் புயலால் அந்தத் தூதுப் பயணம் சிதைந்தது. வெறுங்கையுடன் டில்லிக்குத் திரும்பவும் அஞ்சினார். இறுதியில் மாலத்தீவை அடைந்தார். அங்கே ஆட்சியில் இருந்தவர் சுல்தானா கதீஜா என்ற பெண்மணி. இப்னு பதூதா அங்கு காழியாக்கப்பட்டார். பெருங்குடும்பங்களில் மணமும் முடித்தார். பின்னர் வசீர் ஜமாலுத்தீனோடு மனக்கசப்பு ஏற்பட்டது. ஹிஜ்ரி 745 ரபீஉல் ஆகிர், அதாவது 1344 ஆகஸ்ட் மாதத்தில், அவர் அத்தீவுகளை விட்டுப் புறப்பட்டார்.

அக்காலத்து மாலத்தீவு மரக்கலங்களைப் பற்றி அவரே விரிவாக எழுதியுள்ளார். தேங்காய் மட்டையைக் குழிகளில் ஊறவைத்து, அடித்து நாராக்கி, பெண்கள் அதைக் கயிறாகத் திரிப்பார்கள். அந்தக் கயிற்றைக் கொண்டே பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டுவார்கள், ஆணி அடிப்பதில்லை. காரணத்தையும் சொல்கிறார். இக்கடலில் பாறைகள் மிகுதி. ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் பிளந்துவிடும். கயிற்றால் தைத்த கலமோ வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். மாலத்தீவுக் கயிறு சீனம், யமன் வரை ஏற்றுமதியானது.

அவர் செல்ல எண்ணிய இடம் மஃபர். அரபியில் ‘கடந்து செல்லுமிடம்’ என்று பொருள்படும் இப்பெயரால்தான் அரபு மாலுமிகள் நம் சோழமண்டலக் கரையை அழைத்தனர். அப்போது மதுரையில் சுல்தானாக இருந்த கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும், இப்னு பதூதா டில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்த சகோதரிகள். உறவினரைக் காணச் செல்லும் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் மஃபரை அடையலாம் என்பது அவர் கேட்டறிந்த கணக்கு. நாகூதா இப்ராஹீமின் மரக்கலத்தில் ஏறினார். ஒன்பது நாட்கள் கடலிலேயே கழிந்தன. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மஃபர் அன்று, இலங்கை! வானுயர எழுந்த புகைத் தூணைப் போல ஸரன்தீப் மலை தெரிந்ததாம்.

இதில் வியப்பில்லை. ஆகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து கலத்தைக் கிழக்கே தள்ளும். வடக்கே திரும்பி மஃபரைப் பிடிக்க வேண்டுமென்றால் வழியறிந்த மாலுமி வேண்டும். அங்கேதான் குறை இருந்தது.

கரை தெரிந்தும் இறங்க அச்சம். அது யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. அவர் கடலில் கப்பல்களைக் கொள்ளையிடுபவர் என்று மாலுமிகள் எச்சரித்தனர். ஆனால் காற்று வலுத்தது. மூழ்கிவிடுவோமோ என்ற நிலை வந்தது. தன்னை மட்டும் கரையில் இறக்கிவிடுமாறு நாகூதாவிடம் கேட்டுக்கொண்டு, மன்னரிடம் அபயம் பெற்றுவர அவரே சென்றார். புத்தளத்தில் மன்னர் எழுந்து நின்று வரவேற்று, பாரசீக மொழியில் உரையாடி, முத்துக்களைப் பரிசளித்தார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்பது மட்டுமே இவரது வேண்டுகோள். மன்னர் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினார். கொள்ளையர் தலைவர் என்று மாலுமிகள் சொன்னவர் இவ்வாறு நடந்துகொண்டார். கேள்விப்பட்டதை மட்டும் வைத்து மனிதர்களை எடைபோடும் நமக்கு இந்தப் பகுதி சற்று உறைக்கத்தான் வேண்டும்.

ஓராண்டு ஆனாலும் காத்திருப்பேன் என்று சொன்ன நாகூதா இப்ராஹீம், சொன்னபடியே காத்திருந்தார். புத்தளத்திலிருந்து மஃபருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதும் என்கிறார் இப்னு பதூதா. வரைபடத்தில் பார்த்தால் மிகச் சிறிய இடைவெளி, அபாயமோ பெரியது. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றின் வடக்கே, பாக் நீரிணையில் பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆழமற்ற நீரில் பலத்த காற்று வீசினால் அலைகள் நெருங்கியும் செங்குத்தாகவும் எழும் என்பதை நம் மீனவச் சகோதரர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

அப்படித்தான் நடந்தது. காற்று வலுத்து, தண்ணீர் கலத்தினுள் புகத் தொடங்கியது. தங்களிடம் திறமையான வழிகாட்டி இல்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். பாறைகளுக்கு அருகில் சென்று நூலிழையில் தப்பினர். பின்னர் ஆழமற்ற பகுதியில் கலம் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டினர், சரக்குகளைக் கடலில் எறிந்தனர். கரையோ இரண்டு ஃபர்ஸக் தூரம், ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர். மாலுமிகள் மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்தனர்.

அந்தத் தெப்பத்தில் எல்லாருக்கும் இடமில்லை. இப்னு பதூதாவோடு இரு தோழர்களும் இரு அடிமைப் பெண்களும் இருந்தனர். அவர் இறங்க முற்பட்டபோது, எங்களை விட்டுவிட்டா போகிறீர்கள் என்று தோழர்கள் கேட்டனர். அக்கேள்வி அவரை நிறுத்தியது. தோழர்கள் இருவரையும், ஒரு பெண்ணையும் தெப்பத்தில் ஏற்றிவிட்டு, அவர் கலத்திலேயே தங்கிவிட்டார். மற்றொரு பெண், தனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்லி, தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தியே சென்றாள். விலையுயர்ந்த கற்களையும் அம்பரையும்கூட அவர்களிடமே கொடுத்தனுப்பினார். காற்று சாதகமாக இருந்ததால் அவர்கள் கரை சேர்ந்தனர்.

அடிமை முறை அன்றைய உலகின் வழக்கம். ஆயினும் இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பெண்ணிடமே நின்றுவிடுகிறது. தன் இடத்தைத் தோழருக்கு விட்டுக்கொடுத்த காழியாரின் பெயரை உலகம் அறியும். கொந்தளிக்கும் கடலில் கயிற்றைப் பிடித்து நீந்திய அவள் பெயரை அவர் இவ்விடத்தில் எழுதவில்லை.

கலத்தில் எஞ்சியிருந்த மாலுமிகள் மேலும் நான்கு தெப்பங்கள் செய்ய முனைந்தனர். முடிப்பதற்குள் இரவு வந்துவிட்டது. நீர் ஏற ஏற, இப்னு பதூதா கலத்தின் பின்புற உயரத்தில் ஏறிக்கொண்டார். அங்கேயே விடிந்தது.

காலையில் ஒரு படகு வந்தது. அதில் வந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இக்கரையின் சாதாரணக் குடிமக்கள். அவர்கள்தாம் இவர்களை மீட்டுக் கரை சேர்த்தனர். சுல்தானுக்கும் செய்தி அனுப்பினர். அவர் இரண்டு நாள் தொலைவில் போர்ப் பாசறையில் இருந்தார். பதில் வரும்வரை விருந்தினரை ஒரு காட்டினுள் தங்கவைத்து உபசரித்தனர். நல்ல மீன் கிடைத்தது. தர்பூசணி போன்ற ஒரு பழமும் தந்தார்களாம். உள்ளே பஞ்சு போன்ற நார், அதில் தேன் போன்ற இனிப்பு. அவர் வியந்து வருணிப்பது நம் பனம்பழத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது! மூன்று நாட்கள் கழித்துச் சுல்தானின் ஆட்கள் பல்லக்கோடும் குதிரைகளோடும் வந்து அழைத்துச் சென்றனர்.

பாசறையில் அவர் கண்டது வேறு. படகில் வந்து உயிர் காத்த அம்மக்களைப் போன்றவர்களைச் சுல்தான் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தார். பெண்களையும் சிறுவர்களையும்கூட விட்டுவைக்கவில்லை. ஒருநாள் காழியும் இப்னு பதூதாவும் சுல்தானோடு உணவருந்திக்கொண்டிருக்கும்போதே, ஒருவர், அவர் மனைவி, அவர்களின் ஏழு வயது மகன் ஆகியோர் வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறெந்த அரசரிடமும் காணாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவரது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். உறவினர், விருந்தளித்தவர், ஒரு முஸ்லிம் சுல்தான் என்பதற்காக அவர் எழுத்தில் இதை மறைக்கவில்லை. அதேவேளையில், அந்தச் சுல்தானின் படையுதவியோடு மாலத்தீவின் மீது படையெடுக்க இவரே திட்டமிட்டதையும் மறைக்கவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவி, சுல்தானும் இறந்தார். அத்திட்டம் நடவாமல் போயிற்று.

பின்னர் அவர் கொல்லம் சென்றார். அங்கிருந்து ஹொன்னாவருக்குக் கடல் வழியே போகையில், பன்னிரண்டு கலங்களில் வந்த கொள்ளையர் சூழ்ந்துகொண்டனர். இலங்கை மன்னர் தந்த முத்துக்கள், தெப்பத்தில் ஏற்றிக் காப்பாற்றிய கற்கள் என அனைத்தும் பறிபோயின. புகாராவின் கல்லறைகளில் பார்த்து எழுதிவைத்திருந்த குறிப்புகளும் கடற்கொள்ளையில் போயினவே என்று பிற்காலத்தில் வருந்தினார். உடுத்தியிருந்த கால்சட்டை ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் கோலத்திலேயே கோழிக்கோட்டை அடைந்து ஒரு பள்ளிவாசலில் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடை அனுப்பினார். ஊர்க் காழி ஒரு தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடை அனுப்பினார்.