டொராண்டோவில் போனைத் தேர்ந்தெடுத்தது யாரு?

ஊர்ல முதல்ல போன், அப்புறம்தான் சிம். டொராண்டோவில் ரொம்ப காலம் இது தலைகீழ் மக்களே!

2004-ல் ஃபைடோவை நடத்திவந்த மைக்ரோசெல்லை ரோஜர்ஸ் வாங்கியது. அதோட, நாடு முழுக்க ஜிஎஸ்எம் வைத்திருந்த ஒரே கம்பெனி அதுதான். பெல்லும் டெலஸும் சிடிஎம்ஏ. அதனால 2008 ஜூலை 11-ல் ஐபோன் 3ஜி வந்தப்போ ரோஜர்ஸ், ஃபைடோவை விட்டா வேற வழியே இல்லை. அதுவும் மூணு வருஷ ஒப்பந்தம். ஜனங்க கொதிச்சுப்போய் மனு போட்ட பிறகுதான் 30 டாலருக்கு 6 ஜிபின்னு ஒரு தற்காலிகச் சலுகை வந்தது.

2009 நவம்பரில் பெல்லும் டெலஸும் சேர்ந்து எச்எஸ்பிஏ கட்டி, ஐபோன் விற்க ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசமே விண்ட் மொபைல் மலிவான பிளான்களோட டொராண்டோவில் இறங்கியது. புதுசா வர்றவங்களுக்குன்னே 2008 ஏலத்தில் அரசு அலைக்கற்றை ஒதுக்கியிருந்தது. ஆனா விண்டோட 3ஜி ஓடியது 1700 மெகாஹெர்ட்ஸில். அப்போதைய ஐபோனுக்கு அது எட்டாது!

ஃப்ரீடம்னு பேர் மாறி, எல்டிஇ கட்டி, 2017 டிசம்பரில்தான் அவங்க கடைக்கு ஐபோன் வந்தது. அதுக்குள்ள எட்டு வருஷம் போயிடுச்சு.

மாசக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கிற மாணவனுக்கு இது சின்ன விஷயமில்லை. மலிவு பிளான் ஒரு பக்கம், பிடிச்ச போன் மறு பக்கம். என்னைக் கேட்டா, லைசென்ஸ் கொடுத்தா மட்டும் போட்டி வந்துடாது. ஜனங்க கையில இருக்கிற போனுக்கு அந்த அலைவரிசை எட்டணும்.