முத்துக்குளித்துறை உயிரினங்களின் இலத்தீன் பெயர்கள்: பெயரொப்புமையும் பெயர்மாற்றமும்

முன்னுரை

தூத்துக்குடிக் கடலின் பார்களில் விளையும் முத்துச்சிப்பி, தமிழில் முத்துச்சிப்பி என்ற பெயராலேயே வழங்கி வந்துள்ளது. அதே சிப்பிக்கு ஆங்கிலேயர் கால அறிக்கைகளிலும் விடுதலைக்குப் பிந்தைய மீன்வள ஆய்வுகளிலும் நான்கைந்து இலத்தீன் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இன்று ஐரோப்பிய ஆற்றுச் சிப்பிக்கு உரியது. முத்துக்குளிப்பு வரலாற்றை எழுதுவோர் இவ்வறிக்கைகளையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். பெயர் ஒன்றாயின் உயிரும் ஒன்று, பெயர் வேறாயின் உயிரும் வேறு எனக் கருதினால், சான்றே ஆய்வாளரைத் திசைதிருப்பிவிடும். ஆதலின் முத்துக்குளித்துறையோடு தொடர்புடைய சில இலத்தீன் பெயர்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முத்தைச் சுமக்கும் பெயர்

‘மார்கரிட்டிஃபெரா’ என்பது ‘முத்தைத் தாங்குவது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். 1758இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் லின்னேயஸ் இச்சொல்லை இரண்டு சிப்பிகளுக்குச் சிற்றினப் பெயராக்கினார். ஒன்று வட ஐரோப்பிய ஆறுகளில் வாழ்வது. மற்றொன்று கடலில் வாழும் கருவிளிம்பு முத்துச்சிப்பி. இரண்டையும் அவர் வெவ்வேறு பேரினங்களில் வைத்ததால் விதிமுரண் எதுவும் எழவில்லை. தென்னமெரிக்கத் தேரை ஒன்றுக்கும் 1768இல் இதே அடைமொழி இடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் வளரும், கற்றாழையை ஒத்த சிறுசெடி ஒன்றும் நெடுங்காலம் ‘ஹாவொர்த்தியா மார்கரிட்டிஃபெரா’ என வழங்கியது. அதன் இலைகளில் வெண்மணிகள் போன்ற புடைப்புகள் உள்ளன. தேரைக்கும் செடிக்கும் முத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. தோற்ற ஒப்புமை ஒன்றே பெயருக்குக் காரணம்.

குழப்பம் பின்னரே தொடங்கியது. ஆற்றுச்சிப்பிக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது அச்சொல்லே பேரினப் பெயருமாயிற்று. அவ்வுயிர் ‘மார்கரிட்டிஃபெரா மார்கரிட்டிஃபெரா’ ஆனது. பேரினப் பெயரையும் சிற்றினப் பெயரையும் ஒரே சொல்லாக வைப்பதை விலங்கியல் விதி ஏற்கும். தாவரவியல் விதி ஏற்காது. மறுபுறம், மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி குறித்து டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் இலங்கை அரசுக்கு அளித்து 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை, அச்சிப்பியை ‘மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ்’ என்றே குறிக்கிறது. ‘வல்காரிஸ்’ என்றால் ‘பொதுவானது’. ஐரோப்பிய ஆற்றுச்சிப்பியின் பேரினப் பெயரும் மன்னார்க் கடற்சிப்பியின் பேரினப் பெயரும் இவ்வாறு ஒரு காலத்தில் ஒரே எழுத்துகளில் நின்றன. ஹெர்ட்மன் அறிக்கையின் சொல்லைக் கொண்டு இன்றைய தரவுத்தளத்தில் தேடும் ஒருவர் ஸ்காட்லாந்து ஆறுகளுக்குச் சென்று சேர்வார்.

அச்சிப்பி பின்னர் ‘பிங்க்டாடா வல்காரிஸ்’ என்றும், அதன்பின் ‘பிங்க்டாடா ஃபுகாட்டா’ என்றும் எழுதப்பட்டது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வளர்ப்புமுத்தை உருவாக்கிய சிப்பி, ஆய்வேடுகளில் ‘ஃபுகாட்டா’ என்றே இடம்பெறுகிறது. 1955 முதல் 1961 வரை இக்கடலில் நிகழ்ந்த முத்துக்குளிப்புகளில் எடுக்கப்பட்டதும் இதே சிப்பியே. பெயர்கள் மாறியதனால் பார்களில் இனம் மாறியது என்று கொள்வது பிழை.

ஹாம்பர்க் ஏலப்பட்டியல்

இத்துறையின் பெயர்வரலாற்றில் 1798ஆம் ஆண்டு தனியே நோக்கத்தக்கது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் போல்ட்டன் 1796இல் இறந்தபின், அவருடைய சிப்பித் தொகுப்பை விற்பதற்கென ரோடிங் ஒரு பட்டியல் தொகுத்தார். விற்பனைக்காக எழுந்த அப்பட்டியலிலிருந்துதான் முத்துச்சிப்பியின் ‘பிங்க்டாடா’, சங்கின் ‘சாங்கஸ்’, அத்திப்பழ வடிவக் கடல்நத்தையின் ‘ஃபிகஸ்’ ஆகிய மூன்று பேரினப் பெயர்களும் வந்தன.

‘ஃபிகஸ்’ என்பது 1753இலேயே லின்னேயஸ் அத்தியினத்துக்கு இட்ட பெயர். ஆலும் அரசும் அத்தியும் இப்பேரினத்தவை. ரோடிங் தம் பட்டியலில் ஒரு நத்தைக்கு ‘ஃபிகஸ் வேரிகேட்டா’ என்று பெயரிட்டார். 1825இல் புளூமே என்னும் தாவரவியலார் தென்கிழக்காசிய அத்திமரம் ஒன்றுக்கும் ‘ஃபிகஸ் வேரிகேட்டா’ என்று பெயரிட்டார். மரமும் நத்தையும் பேரினம், சிற்றினம் ஆகிய இரு சொற்களிலும் ஒன்றாகிவிட்டன. தாவரப் பெயர்விதியும் விலங்குப் பெயர்விதியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாத தனிச் சட்டங்கள் ஆகையால் இரு பெயர்களும் இன்றும் செல்லும். மன்னார் வளைகுடா இழுவலைகளில் இப்பேரின நத்தைகள் அகப்படுவதுண்டு. பெயரை மட்டும் எழுதி உயிர் இன்னதெனச் சுட்டாத அட்டவணை, கரையில் நிற்கும் மரத்தைக் குறிக்கிறதா வலையில் வந்த நத்தையைக் குறிக்கிறதா என்பது தெளியாது.

‘சாங்கஸ்’ என்பதன் வரலாறு தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. சங்கு, சங்கம் என இந்திய மொழிகளில் வழங்கும் சொல்லே அதில் இலத்தீன் உடை தரித்து நின்றது. லின்னேயஸ் 1767இல் சங்குக்கு இட்ட சிற்றினப் பெயர் ‘பைரம்’. பேரிக்காய் என்பது பொருள். கொற்கைத் துறையில் சங்கு அறுத்து வளை செய்த மரபினர்க்கு இவ்வுவமை எட்டியிருக்க வாய்ப்பில்லை. ‘டர்பினெல்லா’ என்பது லமார்க் 1799இல் இட்ட பேரினப் பெயர். முன்னுரிமை விதிப்படி ஓராண்டு மூத்த ‘சாங்கஸ்’ நிலைபெற்றிருக்க வேண்டும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய தனிநூல் ‘டர்பினெல்லா பைரம்’ என்கிறது. பிற்கால மீன்வள ஆய்வேடுகள் பலவற்றில் ‘சாங்கஸ் பைரம்’ காணப்படுகிறது. பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 1950-களில் தன் சிறப்பதிகாரத்தைப் பயன்படுத்தி ‘டர்பினெல்லா’வை நிலைநிறுத்த, இந்தியச் சொல் அறிவியற்பெயரிலிருந்து விலகியது. ஆணையத்தின் முன் இருந்தது நிலைத்த வழக்கு எது என்னும் வினா. எந்த மொழியின் சொல் என்பது அங்கே எழவில்லை.

இங்கு இன்னொன்றையும் குறிக்கலாம். தமிழர் இடம்புரி என்னும் இயல்பான சங்கை உயிரியலார் வலச்சுழல் என்பர். வலம்புரி அவர்களுக்கு இடச்சுழல். பார்க்கும் முனை வேறுபடுவதால் வந்த மாறுபாடு இது. மொழிபெயர்ப்பாளர் பலர் இதில் இடறியுள்ளனர்.

முள்ளும் நிலமும்

முட்சங்கின் இலத்தீன் பெயர் ‘மியூரெக்ஸ்’. தூத்துக்குடி மணற்பாங்கில் தானே முளைக்கும் பெருநெருஞ்சிக்கு லின்னேயஸ் 1759இல் ‘பெடாலியம் மியூரெக்ஸ்’ என்று பெயரிட்டார். காயின் முட்களே காரணம். சங்கின் பேரினப் பெயர் செடியின் சிற்றினப் பெயராயிற்று. அச்சொல்லிலிருந்து பிறந்த ‘மியூரிகேட்டா’ முள்சீத்தாவுக்கும், மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் கிளைப்பவளமாகிய ‘அக்ரோபோரா’ வகையொன்றுக்கும் பொதுவாக நிற்கிறது.

‘இந்தியாவுக்குரிய’ என்னும் அடைமொழியோ அடுக்களை முழுதும் பரந்தது. இலத்தீன் பால்பாகுபாட்டின்படி எள் ‘இண்டிகம்’, புளி ‘இண்டிகா’, வெள்ளை இறால் ‘இண்டிகஸ்’ ஆகும். சொல் ஒன்று, ஈறு மட்டுமே வேறு. இவ்வடைமொழியை நம்பித் தாயகம் கூறுவதும் தவறு. புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது தாவரவியலார் துணிபு.

உள்ளூர்ப் பெயர் அறிவியற்பெயரில் தங்கிய சான்றும் உண்டு. பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803இல் வெளியிட்ட நூலில், படங்களோடு அங்குள்ள மீனவர் வழங்கிய பெயர்களையும் பதிந்தார். அவற்றுள் ஒன்றைக் குவியே 1816இல் சிற்றினப் பெயராக ஏற்றார். அதுவே ‘ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்ட்டா’. தூத்துக்குடிக் கரையில் இறங்கும் கானாங்கெளுத்தி.