பண்டாரவன்னியன் நினைவு

பண்டாரவன்னியன் வன்னிப் பெருநிலத்தின் கடைசிக் குறுநில மன்னராகப் போற்றப்படுபவர். முழுப்பெயர் குலசேகரம் வைரமுத்து பண்டாரவன்னியன் என்பது மரபு. பிறந்த நாளுக்கு நம்பகமான சான்று இல்லை. அவர் போரிட்ட நாள்களே நினைவு நாள்களாக நிலைத்துள்ளன.

முன்வரலாறு: பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்துவந்தனர். 1782இல் ஒல்லாந்தர் வன்னியில் நேரடி ஆட்சியை நிறுவினர். 1795இல் முல்லைத்தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று.

1803: பண்டாரவன்னியனைப் பற்றிய பதிவுகளில் பெரும்பகுதி இந்த ஓராண்டுக்குரியது. அவ்வாண்டு ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை கண்டியரால் அழிக்கப்பட்டது. கண்டியரின் ஆதரவோடு பண்டாரவன்னியன் ஆகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினார். காவற்படை கடல்வழியே தப்பியது. கோட்டைப் பீரங்கி அவர் கைக்கு வந்தது. காடும் குளமும் சூழ்ந்த சிற்றரசொன்று பேரரசின் கோட்டையைப் பிடித்த அந்த வெற்றியை வன்னி மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வர். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலேயர் படை அனுப்பினர். மன்னாரிலிருந்து வந்த படையின் தலைவர் வொன் டிறிபேர்க், அக்டோபர் 31 அன்று ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் அவரைத் தோற்கடித்தார்.

முடிவு பற்றிய கருத்துகள்: அவர் கற்சிலைமடுப் போரிலேயே வீழ்ந்தார் என்பது பரவலான நம்பிக்கை. 1810 அல்லது 1811 வரை போராடிக் காயத்தால் இறந்தார் என்பாரும் உளர். ஆங்கிலேயர் காலத்தில் கற்சிலைமடுவில் நடப்பட்ட நடுகல், அவ்விடத்தில் அவர் தோற்கடிக்கப்பட்டதாகச் சொன்னதே தவிர, கொல்லப்பட்டதாகச் சொல்லவில்லை. பகைவர் தம் வெற்றிக்கு நட்ட அக்கல்லே பண்டாரவன்னியனுக்கு நினைவிடமானது. காக்கைவன்னியன் என்பவன் அவரை ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்த கதை வாய்மொழி மரபில் வலுவானது. அதற்கு ஆவணச் சான்று குறைவு.

நினைவுகூரல்: ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு பிற்கால எழுத்துகளுக்கு முக்கிய ஆதாரம். முல்லைமணியின் நாடகம் ஈழத்து மேடைகளிலும் மு. கருணாநிதியின் புதினம் தமிழகத்திலும் அவர் பெயரைப் பரப்பின. வவுனியா நகரில் அவருக்குச் சிலை உண்டு.

அண்மைக்காலம்: 2009இல் போர் முடிந்த பின் கற்சிலைமடு நடுகல் சிதைக்கப்பட்டது. நினைவு நிகழ்வுகள் தொடர்கின்றன. கோட்டை வீழ்ந்த ஆகஸ்ட் 25 வெற்றி நாளாகவும், அக்டோபர் 31 கற்சிலைமடுப் போரின் நாளாகவும் நினைவுகூரப்படுகின்றன.