கால் நிலத்தில் முட்டாத பைக்கின் கதை

எங்கட நண்பன் ஒருத்தன் போன மாதம் 250 சிசி ட்ரெயில் பைக் ஒண்டு எடுத்தான். பார்க்கப் போன எங்களில் ஒருத்தருக்கும், ஏறி இருந்தால் ரெண்டு காலும் நிலத்தில் ஒழுங்காக முட்டவில்லை. ஆள் உடனே ஓடவும் விடவில்லை. பின் சில்லைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து மட்கார்ட் வரைக்கும் அளவுநாடாவால் அளந்தான். பிறகு தான் ஏறி இருந்துகொண்டு எங்களைத் திரும்ப அளக்கச் சொன்னான். சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய முழுத்தூரத்தில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு, ஆள் இருந்தவுடன் பதியவேணுமாம். ஸ்பிரிங்கை இறுக்கி, தளர்த்தி, ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது.

"பைக்குக்கு உடுப்புத் தைக்கிறியோடா?" எண்டு நக்கலடிச்சோம். அதுக்காகவே ஸ்பிரிங்கை நல்லாத் தளர்த்திவிட்டு எங்களை ஓடச் சொன்னான். மணல் ஒழுங்கை வளைவில் முன் சில்லு பாரமே இல்லாத மாதிரி வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், வேலிக்குள்ளே விடப் பார்த்தது. சரியாக வைத்தபிறகு அதே வளைவு, அதே ஆள், அதே வேகம். பைக் சொன்ன பக்கம் திரும்பியது. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் இவ்வளவு உயரமான, இவ்வளவு செல்லம் கேட்கிற ஒரு பைக் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விடவில்லை. தேடி வாசித்தோம்.

1960களில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓடியவர்கள் பலர், ட்ரயம்ப் போன்ற கனமான பிரித்தானிய வீதி பைக்குகளைக் கழற்றி, வெட்டி, தங்கள் கையாலேயே மாற்றிக்கொண்டவர்கள். ஹஸ்க்வர்னா, புல்ராக்கோ போன்ற ஐரோப்பிய பைக்குகள் மண்ணுக்கென்றே செய்தவைதான். ஆனால் அவை பந்தயக்காரனின் சாமான். ஜப்பானியர் "ஸ்கிராம்ப்ளர்" என்று விற்றது பெரும்பாலும் சைலன்சரை உயர்த்திக் கட்டிய வீதி பைக்.

1968இல் யமஹா டிரி-1 வந்தது. 246 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ரூ ஸ்ட்ரோக். ஒயில் தனித் தாங்கியில் இருந்து தானாகவே எஞ்சினுக்குப் போகும். பெற்றோலோடு ஒயில் கலந்து அடித்த பழைய ஓட்டோக்களை ஞாபகம் வைத்திருக்கிற பெரியாக்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி எண்டு விளங்கும். லைட்டும் உண்டு. திங்கட்கிழமை வேலைக்கு ஓடிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை லைட்டைக் கழற்றி, ரயர் காற்றைக் குறைத்து, சின்ன முன் பல்லுச்சில்லைப் பூட்டி மண்ணில் இறங்கலாம். பந்தயம் ஓட விரும்பினால் சிலிண்டர், பிஸ்ரன், சைலன்சர் எண்டு கம்பனியே மாற்றுப் பொருட்களை விற்றது. எங்களைக் கேட்டால் டிரி-1இன் பெரிய காரியம் அதன் வேகமில்லை. வெல்டிங் தெரியாத, கராஜ் இல்லாத ஒரு சாதாரண ஆளும் மண்ணில் ஓடலாம் எண்டு ஆக்கியதுதான்.

அதன் ஸ்பிரிங்குகள்தான் பலவீனம். அந்தக்கால மோட்டோகிராஸ் பைக்குகளிலேயே பின் சில்லின் அசைவு 10 சென்ரிமீற்றர் அளவுதான். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பேராசிரியர் லூசியன் ரில்கன்ஸ், பைக் ஓடுகிற தன் மகனுக்காக, ரெண்டு ஷொக்கையும் தூக்கிவிட்டு நீளமான ஒற்றை ஷொக்கை எண்ணெய்த் தாங்கிக்குக் கீழே படுக்கவைத்தார். சுசுக்கி அதை வேண்டாமென்றது. யமஹா வாங்கியது. 1973இல் ஸ்வீடன்காரன் ஹாக்கன் அண்டர்சன் அந்த அமைப்போடு 250 சிசி உலகச் சம்பியன் ஆனான். (சுசுக்கிக் கந்தோரில் அன்று யார் யாரைப் பேசியிருப்பார்கள் எண்டு யோசிக்கச் சிரிப்பு வருது.) அதிலிருந்து பத்து வருடத்துக்குள் பந்தய பைக்குகளில் அசைவு 30 சென்ரிமீற்றரைத் தொட்டது. அசைவு கூட, இருக்கை உயர்ந்தது. ஓடுகிற ஆளின் நிறைக்கு ஏற்ப அளந்து வைக்காவிட்டால் பைக் தறிகெட்டது. எங்கட நண்பனின் அளவுநாடா அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் லேசாக ஓடக்கூடிய பைக் எண்டால் கனக்கச் சனம் ஓடும். பார்ஸ்ரோவில் இருந்து லாஸ் வேகஸ் வரைக்கும் 1967இல் தொடங்கிய பாலைவனப் பந்தயத்தில், சில வருடங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டார்கள். 1972இல் ஜனாதிபதி நிக்சன், பொது நிலங்களில் இப்படியான வாகனங்கள் எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று வரையறுக்கும்படி கட்டளை போட்டார். 1974க்குப் பிறகு அந்தப் பந்தயத்துக்கு அனுமதி நின்றது; திரும்பத் தொடங்க 1983 ஆனது. ஓடினவர்களுக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. ஆனால் மொஹாவி நிலம் லேசில் ஆறாது. 1942இல் ஜெனரல் பற்றன் தொடக்கிவைத்த போர்ப்பயிற்சி முகாமின் யுத்தத் தாங்கித் தடங்கள் அங்கே இன்னும் தெரிகின்றன.

நண்பன் இப்போது மணற்காட்டுப் பக்கம் போவோம் எண்டு நிற்கிறான். பாதையோட மட்டும், அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் ஏறுறேல்லை எண்டால் வாறம் எண்டு சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.