பட்டாவில் ஒரு பெயர்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவண்ணாமலை வட்டார உழவர்

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மலைக்கு மேற்கே கிரிவலப் பாதையில் உள்ள சிற்றூர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலாலும் மாணிக்கவாசகர் கோயிலாலும் அறியப்படுவது. இவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள உழவர் குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடும்போது பெரும்பாலும் நான்காம் தலைமுறையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முந்தைய உழவரைப் பற்றி என்னென்ன எழுதி வைக்கப்பட்டன, எவை எழுதப்படவே இல்லை என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

முதல் இடர் பெயரிலேயே இருக்கிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன், அதாவது பேரன். ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் ஒரே பெயர் வரும். ஆகவே பழைய பத்திரத்தில் காணும் பெயர் பாட்டனுடையதா, பாட்டனின் பாட்டனுடையதா என்பதைத் தந்தை பெயரும் ஆண்டும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆண்டும் பசலியில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1286ஆம் பசலி என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை.

இரண்டாவது இடர் மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவண்ணாமலை வட்டம் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காட்டில் இருந்தது. 1911இல்தான் வட ஆற்காட்டில் சேர்ந்தது; 1989இல் தனி மாவட்டமாயிற்று. வேலூரில் மட்டும் தேடி அலுத்தவர்கள் பலர் இதை மறந்தவர்களே.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சில ஆண்டுகள் ஊர்களைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தனர். பிறகு, 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ வலியுறுத்திய ரயத்வாரி முறை நிலைபெற்றது. அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் இல்லை, உழவனே பட்டாதாரன். அவன் பெயர் அரசுக் கணக்கில் ஏறியது இதனால்தான். பெயர், நிலம், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்பவை கர்ணத்தின் கணக்கில் உண்டு. அவன் எப்போது பிறந்தான், எதனால் இறந்தான் என்பவை இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னைச் சட்டம் 1899இல்தான் வந்தது.

அவனுடைய ஆண்டு ஏரியைப் பார்த்தே ஓடியது. ஏரி நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் புஞ்சையில் கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை. கிணறு உள்ளவர் மாடு கட்டிக் கவலை ஓட்டினர், அல்லது ஏற்றம் இறைத்தனர். நிலத்தைக் காணியிலும் குழியிலும் அளந்தனர்; நூறு குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். விளைச்சல் தானியமாக வந்தது, கிஸ்தியோ பணமாகக் கட்ட வேண்டும். விலை ஏறும்வரை தானியத்தை வைத்திருக்க முடியாதவர் அறுத்த கையோடு விற்றார், அல்லது கடன் வாங்கினார்.

கட்டாதவருக்கு நேர்ந்ததும் அரசு ஏட்டில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக நடந்த சித்திரவதை பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், குனிய வைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. உழவர்கள் தம் வாயால் சொன்னவை அரசு ஏட்டில் இவ்வளவு ஏறிய வேறு சந்தர்ப்பம் அந்நூற்றாண்டில் அரிது. ஊர் வரலாறு எழுதுவோர் இதை ஏனோ அதிகம் தொடுவதில்லை.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடம் ஆனதால் மக்கள் அதைத் தாது வருடப் பஞ்சம் என்றே அழைத்தனர். 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் மாகாணம் முழுவதும் பல லட்சம் பேர் மாண்டனர். வைசிராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் எனக் குறைத்தார். மண் சுமந்தவருக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். மாடுகளும் மடிந்ததால் மழை திரும்பிய பின்னும் உழுவதற்கு வழியில்லாமல் போனது.

அடுத்த தலைமுறையைத் தூக்கி நிறுத்தியதில் மல்லாட்டைக்குப் பெரும் பங்குண்டு. மணிலாக்கொட்டை என்பதன் இவ்வட்டாரத் திரிபு அது. தென்னாற்காட்டு நிலக்கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. 1890களில் விதை நலிந்து சாகுபடி வீழ்ந்தது; வெளிநாட்டு விதை வந்த பிறகு மீண்டது. அதே பத்தாண்டில் விழுப்புரம் காட்பாடி ரயில் பாதையும் இவ்வழியே ஓடத் தொடங்கியிருந்தது. 1896 செப்டம்பரில் ரமணர் திருவண்ணாமலையில் வந்து இறங்கியது அந்தப் பாதையில்தான்.

இதுவரை சொன்னது பட்டா உள்ளவரின் கதை. படியளந்து கூலி பெற்ற படியாளுக்கு நிலக்கணக்கில் இடமில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. ஆனால் கடனால் கட்டுண்டவர் பண்ணையை விட்டு எளிதில் வெளியேறிவிடவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்த பிறகே அவர்களில் சிலருடைய பெயர் பட்டாவில் ஏறியது. அந்நிலமே பஞ்சமி நிலம். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பெண்களின் பெயரோ, கணவன் இறந்து பட்டா மாறினால் அன்றி, கணக்கில் வருவது அரிது.

ஊரில் இருந்தவரைவிட ஊரை விட்டுப் போனவரைப் பற்றி அதிகம் தெரிகிறது என்பது விந்தை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னை மாகாணத்தவர். ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்து போனவர் மிகுதி. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு வரை எழுதப்பட்டிருக்கின்றன. பெண்களுக்கும் தனி வரி உண்டு. ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்திருப்பதால் வாய்விட்டுப் படித்துப் பார்த்தே அவற்றை அடையாளம் காண வேண்டும்.